ஸ்கோர் என்ன, அக்கா?

அலுவலகத்தில் என் எதிர் மேசைக்காரர் நல்ல மனிதர். வீட்டில் முருங்கை காய்த்தால் எனக்கும் நாலு காய் கொண்டுவருவார். அவர்தான் ஒருநாள் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே கேட்டார்: "மேடம், பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்ச் ஆகிக் காலில் பட்டால் எல்பிடபிள்யூ அவுட் கொடுக்கலாமா?"

வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லும் வாத்தியாரின் முகம். "கூடாது. ஷாட் ஆடாமல் காலை நீட்டினாலும் கூடாது" என்றேன். ஒரு வாய் தயிர்சாதம் உள்ளே இறங்கியது. பிறகு, "சார் சொல்லிக்கொடுத்தாரா?"

சார் என்றது என் கணவரை. மூன்றாவது ஓவரைத் தாண்டி அவர் விழித்திருந்து நான் பார்த்ததில்லை.

சொல்லிக்கொடுத்தது அத்தை. கடலூர் முதுநகரில் தையல் மிஷினும் டிரான்சிஸ்டருமாக வாழ்ந்தவள். 1988 ஜனவரியில், பொங்கலை ஒட்டிச் சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீசுடன் டெஸ்ட். தெருவில் பாதிப் பேரின் பண்டிகை ரவிக்கை அத்தையிடம் கிடந்தது. கொக்கி வைப்பது என் வேலை. அப்போது எனக்கு ஒன்பது வயது. கண்ணாடி போட்ட சுழல் பந்துக்காரர் நரேந்திர ஹிர்வானிக்கு அது முதல் டெஸ்ட். இரண்டு இன்னிங்சிலும் எட்டு எட்டாகப் பதினாறு விக்கெட். ஏறி வந்து அடிக்கப் போனவர்களை விக்கெட் கீப்பர் கிரண் மோரே ஸ்டம்பிங் செய்துகொண்டே இருந்தார், மொத்தம் ஆறு. விக்கெட் விழும்போதெல்லாம் மிஷின் நிற்கும். அத்தை காதில் செருகிய பென்சிலை எடுத்து, பால் கணக்கு நோட்டைப் பின்பக்கமாகத் திருப்புவாள்.

ரன் இல்லாத பந்துக்கு ஒரு புள்ளி. மேலே மூன்று, கீழே மூன்று. ஓவர் முழுக்க ரன் வராவிட்டால் கோலம் போடுவதுபோல் ஆறையும் இணைத்து 'எம்' ஆக்குவாள், மெயிடன். அதிலேயே விக்கெட்டும் விழுந்திருந்தால் இணைப்பு மாறி 'டபிள்யூ' ஆகிவிடும். "மெயிடன் என்றால் கல்யாணம் ஆகாதவள். ஒன்றும் கொடுக்காத ஓவருக்கு என் பேரை வைத்திருக்கிறான் வெள்ளைக்காரன்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை.

தெருவில் போகிற ஆண்கள் சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "ஸ்கோர் என்ன, அக்கா?" என்பார்கள். அத்தை சொல்வாள். சொல்லிவிட்டு, "இறங்கி வந்து அடிக்கிறான், பாருங்கள், இவனும் ஸ்டம்பிங்தான்" என்று ஆரம்பிப்பதற்குள் சைக்கிள் டீக்கடைக்குப் போயிருக்கும். ஆட்டத்தை அலசுகிற இடம் அது. ஸ்கோருக்கு மட்டும் எங்கள் திண்ணை.

எனக்குக் கிடைப்பதும் அதே மரியாதைதான், கூடவே ஒரு பரீட்சை. 'தோனியைப் பிடிக்குமா, அந்த நீள முடிக்காகவா' என்பதெல்லாம் பழகிவிட்டது, அதற்குப் பதில் சொல்வதில்லை. ஆனால் ஒரு வார்த்தை உறுத்துகிறது. 2025 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. நவி மும்பையில் மழையால் ஆட்டம் தாமதமாகி, நள்ளிரவு வாக்கில் கேப்டன் ஹர்மன்பிரீத் பின்னால் ஓடிப்போய்க் கடைசிக் கேட்சைப் பிடித்தார். மகளிர் உலகக் கோப்பை. தீப்தி சர்மா 58 ரன், ஐந்து விக்கெட். சத்தம் போட்டால் மாமியார் எழுந்துவிடுவார் என்று தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் தூக்கம் வழியும் கண்ணோடு அலுவலகத்துக்குள் நுழைந்தால், முருங்கைக்காய்க்காரர் எழுந்து நின்று கைகொடுக்கிறார்: "உங்கள் பெண்கள் ஜெயித்துவிட்டார்களே, மேடம்!"

ரோகித் கோப்பை வாங்கியபோது இதே மனிதர் "நாம் ஜெயித்துவிட்டோம்" என்றுதான் லட்டு கொடுத்தார். இவர்கள் மட்டும் எப்படி என் பெண்கள் ஆனார்கள்? கேட்டிருக்கலாம். கேட்காமல் லட்டு எங்கே என்று மட்டும் கேட்டேன். வாங்கிவந்தார்.

இப்படியெல்லாம் நியாயம் பேசுகிறவள் போன மாதம் என்ன செய்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குக் காலை பஸ். ஆல்பேட்டை தாண்டியதும் பக்கத்து இருக்கையில் ஒரு கல்லூரிப் பெண், மடியில் போன், அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பேச்சுக்கொடுக்கலாமே என்று, "என்ன சீரியல்மா?" என்றேன்.

அவள் இயர்போனைக் கழற்றி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "கபடி, ஆன்ட்டி. தமிழ் தலைவாஸ்."

அசடு வழியச் சும்மா இருந்திருக்கலாம். "ஆளைத் தொடாமலே பாயிண்ட் கொடுக்கிறார்களே, எதற்கு?" என்று கேட்டுவைத்தேன். அவ்வளவுதான். எதிரணியில் ஆறு பேராவது களத்தில் நின்றால்தான் போனஸ், பாடி வருகிறவரின் ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்டும்போது மறு கால் அந்தரத்தில் இருக்க வேண்டும், மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருந்து பிடித்தால் அது சூப்பர் டேக்கிள், இரண்டு பாயிண்ட். கன்னியக்கோயிலில் தொடங்கியவள் கிருமாம்பாக்கம் வரை மூச்சுவிடவில்லை. என் கைப்பையில் இருந்த பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.

தவளக்குப்பத்தில் இறங்கும்போது திரும்பி, "புரிந்ததா, ஆன்ட்டி? எத்தனை பேர் இருந்தால் போனஸ்?" என்றாள்.

"ஆறு" என்றேன்.