ஒழுகலும் வழுக்கலும்: பழைய இழுவை வண்டியின் கியர்பாக்ஸ் நாட்குறிப்பு

2024 மார்ச் 3, ஞாயிறு

1997 மாடல் பிக்கப், நாலு கியர் ஆட்டோமேட்டிக். பிரச்சினை இரண்டு. நின்ற இடத்தில் சிவப்பாக எண்ணெய் சொட்டுகிறது. டிரெய்லரை மாட்டி மேடு ஏறினால், 2-லிருந்து 3-க்கு மாறும் நேரத்தில் இன்ஜின் மட்டும் இரைகிறது, வண்டி வேகம் எடுப்பதில்லை. டிரெய்லர் இல்லாமல் ஓட்டினால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது.

கேட்டவர்களில் பாதிப் பேர் "கியர்பாக்ஸ் போச்சு, இறக்கிடுங்க" என்கிறார்கள். மீதிப் பேர் "ஆயில் குறைஞ்சிருக்கும், ஊத்தினா சரியாயிடும்" என்கிறார்கள். பார்க்காமல் சொல்லும் எதையும் ஏற்க மனம் வரவில்லை. ஒழுகுவதால்தான் வழுக்குகிறதா, இல்லை இரண்டும் தனித்தனிக் கோளாறா? இது தெரிந்த பிறகுதான் ஸ்பானர்.

2024 மார்ச் 4, திங்கள்

இன்று ஆயில் மட்டம் மட்டும். நன்றாக ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக்கை மிதித்தபடியே லிவரை எல்லா கியரிலும் ஒருமுறை போட்டு எடுத்து, பார்க்கில் விட்டேன். இன்ஜின் ஓடும்போதே ஆயில் மட்டம் பார்க்கும் குச்சியை உருவ வேண்டும். சில வண்டிகளில் நியூட்ரலில் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள், கையேட்டில் இருக்கும். அணைத்துவிட்டுப் பார்த்தால் கணக்கு தப்பும்: கன்வெர்ட்டரில் (இன்ஜின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள்ள ஆயில், கியர்பாக்ஸின் அடித்தட்டான பானுக்கு இறங்கி, மட்டத்தைக் கூட்டிக் காட்டும்.

குறைந்தபட்சக் கோட்டுக்கும் கீழே இருந்தது. ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுப் பார்த்தேன். சிவப்பு மங்கிப் பழுப்பு ஏறியிருக்கிறது, லேசான தீய்ந்த வாடை. பால் கலந்த ரோஸ் நிறம் இல்லை என்பதில் பெரிய நிம்மதி. அப்படி இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் உடைந்து கூலன்ட் கலந்துவிட்டது என்று பொருள். அது, கியரைப் பிடிக்கும் கிளட்ச் பிளேட்டில் உராய்வுப் பொருளை ஒட்டியிருக்கும் பசையையே கழற்றிவிடும்.

கையேட்டில் சொன்ன வகை ஆயிலையே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். டெக்ஸ்ரான், மெர்கான், ஏ.டி.எஃப். பிளஸ் 4 எல்லாம் ஒன்றல்ல. அளவுக்கு மேல் ஊற்றினாலும் கெடுதல்தான்: சுழலும் பாகங்கள் கடைந்து நுரையாக்கிவிடும், நுரைக்கு அழுத்தம் நிற்காது.

2024 மார்ச் 9, சனி

ஒழுகலுக்கான நாள். அடிப்பாகம் முழுக்கப் பழைய எண்ணெயும் மண்ணும். அப்படியே பார்த்தால் எல்லா இடமும் ஒழுகுவது போலத்தான் தெரியும். டிகிரீசர் அடித்துக் கழுவி, உலரவிட்டு, அதற்குப் பிறகே ஓட்டிவிட்டு வந்து பார்த்தேன். டயர்களுக்குக் கட்டை, சட்டத்துக்கு ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளும். அதனால் சொட்டும் இடம் மூலம் அல்ல. ஈரமான பகுதியில் எது மிக உயரமாகவும் மிக முன்னாலும் இருக்கிறதோ அங்கிருந்துதான் தேட வேண்டும். பான் கேஸ்கெட் காய்ந்திருந்தது. பின்பக்க சீல் காய்ந்திருந்தது. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியிலும் ஈரமில்லை. அங்கே சிவப்பாக வந்தால் முன்பக்க பம்ப் சீல், கறுப்பாக வந்தால் இன்ஜினின் பின் சீல். பம்ப் சீல் என்றால் கியர்பாக்ஸை இறக்காமல் வழியில்லை.

கிடைத்தவை இரண்டு. கியர் லிவரின் தண்டு கியர்பாக்ஸின் வெளிக்கூடான கேஸுக்குள் நுழையும் இடத்தில் உள்ள சின்ன சீல். அப்புறம், கூலருக்குப் போகும் இரும்புக் குழாயில் ரப்பர் ஹோஸை அழுத்திப் பிடித்திருக்கும் வளையம். இன்ஜினை ஓடவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வளையத்தின் விளிம்பில் ஆயில் மெல்லக் கசிந்து, ஒரு முத்தாகத் திரண்டு, குழாய் வழியாகப் பின்னால் ஓடியது. அணைத்ததும் நின்றுவிட்டது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. தரையில் தெரியும் கறை லிவர் சீலுடையது. இரவில் கன்வெர்ட்டர் ஆயில் பானுக்கு இறங்கி மட்டம் உயரும்போது அது கசிகிறது, அளவு சொற்பம். கூலர் குழாயோ அழுத்தம் இருக்கும்போது மட்டுமே ஒழுகும். அந்த ஆயில் முழுக்கச் சாலையில் போய்விடுகிறது, தரையில் தடயம் இல்லை. கறையைப் பார்த்து "கொஞ்சம்தானே" என்று விடுபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஹோஸையும் லிவர் சீலையும் மாற்றியாயிற்று.

2024 மார்ச் 10, ஞாயிறு

ஆயில் மட்டம் சரி, ஒழுகல் இல்லை. டிரெய்லரோடு மேட்டில் ஏற்றிப் பார்த்தேன். கியர்பாக்ஸ் குளிர்ந்திருக்கும்போது சுத்தமாக மாறியது. சூடேறியதும் அதே 2-3 மாற்றத்தில் அதே இரைச்சல். முன்னைவிடக் குறைவு, ஆனால் போகவில்லை. லிவரை 2-இல் பிடித்து வைத்தால் இறுக்கமாக இழுக்கிறது. ரிவர்ஸும் அப்படியே.

சீரான ஓட்டத்தில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராக இணைத்துவிடும் கன்வெர்ட்டர் பூட்டு மீதும் சந்தேகம் வரும். அதற்கு எளிய சோதனை: சீராக ஓடும்போது இடது காலால் பிரேக்கை லேசாகத் தொட்டால் பூட்டு விடுபட்டு ஆர்.பி.எம். சற்று ஏறும். அந்த நொடியில் அதிர்வு நின்றால் கோளாறு பூட்டில். எனக்கு அதிர்வே இல்லை. இரைச்சல் வருவதோ பூட்டு விழும் முன்பு. ஆக, 3-க்கும் 4-க்கும் பொதுவான கிளட்ச் தொகுதியை நோக்கித்தான் எல்லாம் கை காட்டுகிறது.

2024 மார்ச் 16, சனி

பிரஷர் கேஜ். கேஸின் பக்கவாட்டில் உள்ள பிளக்கைக் கழற்றி, 300 பி.எஸ்.ஐ. வரை காட்டும் கேஜை மாட்டினேன். ஐடிலிலும், த்ராட்டில் கொடுத்தபோதும், ரிவர்ஸிலும், சூடான பிறகும் அளவுகள் கையேட்டு வரம்புக்குள்தான். பம்ப், ஃபில்டர், அழுத்தம் சீராக்கும் வால்வு, அதை ஆளும் சொலினாய்டு (மின்சாரத்தில் இயங்கும் வால்வு) எல்லாம் நலம். இந்தச் சோதனை செய்யாமல் கியர்பாக்ஸை இறக்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை பார்ப்பது.

ஸ்டால் டெஸ்ட் செய்யவில்லை. பிரேக்கை மிதித்து முழு த்ராட்டில் கொடுப்பதை ஐந்து வினாடிக்கு மேல் நீட்டக் கூடாது என்பார்கள். ஏற்கெனவே தீய்ந்த கிளட்சுக்கு அந்த ஐந்து வினாடியும் வேண்டாம்.

இன்னும் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. வேக்குவம் மாடுலேட்டர் (இன்ஜினின் உறிஞ்சு விசையை வைத்துக் கியர்பாக்ஸ் அழுத்தத்தை மாற்றும் பாகம்) உள்ள கியர்பாக்ஸில் அதன் டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்தால் ஆயிலை இன்ஜின் உறிஞ்சி எரித்துவிடும். வெளியே ஒரு சொட்டு ஒழுகாது, மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கும், சைலன்சரில் வெள்ளைப் புகை வரும். மாடுலேட்டரின் வேக்குவம் ஹோஸைப் பிடுங்கிப் பாருங்கள். உள்ளே சிவப்பு ஈரம் இருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டது. த்ராட்டிலிலிருந்து கேபிள் போகும் வகையில் கேபிள் தளர்ந்திருந்தால் அழுத்தம் குறைந்து கிளட்ச் எரியும்.

2024 மார்ச் 17, ஞாயிறு

பானை இறக்கினேன். காந்தத்தில் கண்மை போலச் சாம்பல் நிறக் குழம்பு. இந்த வயதுக்கு அது இயல்பு. பித்தளைத் துகளோ இரும்புச் சில்லோ இல்லை. ஆனால் பானின் அடியில் கறுப்பாக ஒரு படிவு. விரலில் எடுத்துத் தேய்த்தால் நார் நாராகப் பிரிகிறது. கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பொருள்தான்.

ஆயிலை ஒவ்வொரு கிளட்சுக்கும் பிரித்து அனுப்பும் வால்வு பாடியைக் கழற்றி, கையேட்டுப் படத்தில் உள்ளபடி ஒவ்வொரு கிளட்ச் துளையிலும் குறைந்த அழுத்தத்தில் காற்று கொடுத்தேன். மற்றவற்றில் "தொப்" என்று பிஸ்டன் அழுத்தும் சத்தம். 3-4 துளையில் வெறும் "புஸ்". சீல் இறுகிக் கெட்டிருக்கிறது. மெயின் அழுத்தத்தை அளக்கும் கேஜுக்கு இது தெரியாது.

இப்போது வரிசை புரிகிறது. ஆயில் குறைந்த வண்டி மேடு ஏறும்போது பானில் உள்ளது பின்னால் சரிந்து, ஃபில்டர் வாய் காற்றை இழுக்கிறது. அழுத்தம் நொடிநேரம் விழுகிறது, கிளட்ச் வழுக்குகிறது, சூட்டில் பிளேட் தீய்கிறது, சீல் கெட்டிப்படுகிறது. ஆரம்பித்து வைத்தது ஒழுகல். ஆனால் ஒழுகலை அடைத்ததால் தீய்ந்த பிளேட் திரும்பி வராது. இரு தரப்பும் சொன்னதில் பாதிப் பாதி உண்மை இருந்திருக்கிறது.

2024 மார்ச் 23, சனி

கியர்பாக்ஸை இறக்குவது உறுதி. எல்லா கிளட்ச் பிளேட்டும், எல்லா சீலும், கன்வெர்ட்டரும் புதிது. பழைய கன்வெர்ட்டரை மட்டும் விட்டுவைக்கலாமா என்று கேட்டேன். "உள்ளே போன கசடை எப்படிக் கழுவுவே தம்பி?" என்றார் கியர்பாக்ஸ் பிரிக்கும் பெரியவர். அவர் சொல்வது சரி. அதே காரணத்துக்காக ரேடியேட்டர் கூலரையும் குழாய்களையும் கழுவித் தள்ள வேண்டும். அதோடு தனியாக ஒரு ஆயில் கூலர், ஒரு வெப்பமானி. சுமார் 80 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டிய ஆயில், டிரெய்லரோடு மேட்டில் எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

பூட்டியதும் முதல் சோதனை கூலர் ஓட்டம். திரும்பி வரும் குழாயை வாளியில் விட்டு, ஐடிலில் 20 வினாடிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் வர வேண்டும். அதற்குக் குறைந்தால் டிரெய்லரை மாட்டப் போவதில்லை.