கோஜிமாவில் ஜீன்ஸ், தோஜியில் கந்தல்

முதலில் அந்தப் பேருந்தைத் திட்டிவிடுகிறேன். ஜப்பானில் ஜீன்ஸுக்குப் பேர்போன ஊர் கோஜிமா, அதற்கு ஒகயாமா வழியாகப் போனேன். டோக்கியோவிலிருந்து ஒகயாமாவுக்கு ஷின்கான்சென் என்கிற புல்லட் ரயில் மூன்றரை மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடும். ஆனால் டிக்கெட் 17,000 யென்னுக்கு மேல். அந்தக் காசில் முக்கால் ஜீன்ஸ் வாங்கலாமே என்று கணக்குப் போட்டு இரவுப் பேருந்தில் ஏறினேன். முன்சீட்டுக்காரர் "சாய்க்கலாமா?" என்று அவ்வளவு மரியாதையாகக் கேட்டார். தலையாட்டினேன். மனிதர் என் மடியிலேயே படுத்துவிட்டார். பத்து மணி நேரத்துக்கு மேல் அப்படியே. விடிந்து இறங்கியபோது முழங்கால் இரண்டும் என்னுடையதாக இல்லை.

அங்கிருந்து கோஜிமாவுக்கு ரயிலில் அரை மணி நேரம்கூட இல்லை. ஸ்டேஷனிலேயே ஜீன்ஸ் படங்கள். ஜீன்ஸ் தெருவில் தலைக்கு மேலே, கொடியில் காயப்போட்ட மாதிரி வரிசையாக ஜீன்ஸ்கள் தொங்குகின்றன. சனிக்கிழமை போங்கள். நான் போனது வாரநாள். பாதிக் கடைகளில் ஷட்டர்.

இந்த ஊர் ஒரு காலத்தில் தீவு. கடலைத் தூர்த்து நிலமாக்கியிருக்கிறார்கள். உப்பு மண்ணில் நெல் வரவில்லை, பருத்தி வந்தது. பருத்தி வந்தால் தறி வராமல் இருக்குமா? அப்புறம் தாபி என்கிற காலுறை, பள்ளிச் சீருடை என்று தைத்துப் பழகிய கைகள், 1965இல் அமெரிக்கத் துணியை வரவழைத்து ஜீன்ஸ் தைக்க ஆரம்பித்தன.

ஒரு கடையின் மூலையில் பழைய நாடாத் தறி ஒன்றை நிறுத்தி வைத்திருந்தார்கள். கைத்தறி ஊரான சென்னிமலையில் மாமா வீட்டுத் திண்ணையில் வளர்ந்தவனுக்கு அது போதும், அங்கேயே அரை மணி நேரம் போயிற்று. இந்தத் தறியில் நாடா, அதாவது நூல் சுற்றிய ஓடம், குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு போய்த் திரும்பி வருவதால் ஓரம் தானே கட்டிக்கொள்ளும். நம் வேட்டிக்கரை மாதிரிதான். துணியின் அகலமும் 30 அங்குலத்தை ஒட்டித்தான் இருக்கும். காலை மடித்துவிட்டால் உள்ளே ஓரத்தில் சிவப்பு நூல் தெரிகிறதே, ஜீன்ஸ் பைத்தியங்கள் செல்வெட்ஜ் என்று உருகுவது அதைத்தான். கை அனிச்சையாகக் கரையைப் பிடித்துப் பார்த்தது. விலை 26,400 யென். கை தானாக விட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். புதுத் துணியை மிஷினில் தேய்த்து, முட்டியில் கிழித்து, 'பழசு' என்று விற்பது எனக்குப் பிடிக்காது. யாரோ உழைத்துத் தேய வேண்டிய இடம் அது.

உண்மையான பழசிலும் ஏமாறலாம். டோக்கியோவில் ஒரு பழைய துணிக்கடையில் லீவைஸ் ஜாக்கெட் ஒன்று, பாக்கெட் ஓரத்துச் சிவப்புத் துணிப்பட்டையில் லீவைஸ் பெயரின் E பெரிய எழுத்தில், அதாவது 1971க்கு முந்தையது என்று 58,000 யென். கார்டை நீட்டப் போனவன் உள்பக்கத்தைப் புரட்டினேன். துவைக்கும் முறை சொல்லும் லேபிள்! அது 70களில்தான் தைக்க ஆரம்பித்தார்கள். பட்டனின் பின்னால், மறுபதிப்புகளைத் தைத்த ஆலையின் எண்ணான 555 வேறு. 90களின் மறுபதிப்பு. கடைக்காரர் சிரித்து மழுப்பினார்.

கோஜிமாவில் திருப்தியாகக் கிடைத்தது சாப்பாடுதான். பக்கத்து ஷிமோட்சுய் ஆக்டோபஸுக்குப் பேர்போனது. அதைப் போட்டு வேகவைத்த சோற்றை இரண்டு கிண்ணம் வாங்கித் தின்றேன். கணக்கு எழுதவில்லை.

பிறகு கியோட்டோ. தோஜி கோயிலில் மாதாமாதம் 21ஆம் தேதி சந்தை. இருட்டோடு போனேன். பழம்பொருள் கடைகளுக்கு நடுவே ஒரு பாட்டி, நீலப் பாயில் நொராகி குவியல். நொராகி என்றால் வயல்வேலைக்குப் போடும் மேல்சட்டை. அடியிலிருந்து ஒன்றை உருவினேன். அவுரி நீலம். வலது தோளில் மட்டும் வெளுத்துப் போயிருந்தது, காவடிக்கட்டையோ கூடைக் கயிறோ தெரியவில்லை. இடது முழங்கையில் ஒட்டுக்கு மேல் ஒட்டாக ஐந்து துண்டுத் துணிகள், ஒவ்வொன்றும் வேறு கோடு, வேறு நீலம். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துச் சின்னச் சின்ன வெள்ளை ஓட்டுத் தையல். பாச்சை உருண்டை நெடி மூக்கைத் துளைத்தது.

பாட்டி கால்குலேட்டரில் 15,000 அடித்தார். நான் 10,000. அவர் தலையாட்டாமல் 13,000. இரவுப் பேருந்தில் மிச்சம் பிடித்தது அத்தனையும் அங்கேயே போயிற்று. ஊசி பிடிப்பது போல விரலைக் குவித்து, தன் நெஞ்சைத் தொட்டு ஏதோ சொன்னார். அவர் தைத்ததா, அவர் அம்மா தைத்ததா, விளங்கவில்லை.

ராத்திரி வீடியோ காலில் அம்மாவிடம் காட்டினேன்.

"ஏண்டா, பாத்திரக்காரன் இதுக்கு ஒரு கரண்டிகூடத் தரமாட்டான். எவ்வளவுன்னு அப்பாகிட்டச் சொல்லிடாத."

சரி என்று மடிக்கப் போனேன்.

"இரு, அந்த முழங்கைத் தையலைக் கிட்டக் காட்டு."