ஏ.ஐ.பி.இ. எழுதப்போகும் மாற்றுத்திறனாளி வக்கீல்களுக்கு: பிரிவு எண்ணை மனப்பாடம் செய்யுங்கள்

வக்கீலாகத் தொழிலைத் தொடரத் தேற வேண்டிய அகில இந்திய பார் தேர்வின் (ஏ.ஐ.பி.இ.) ரிசல்ட் வந்துவிட்டது, பாஸ் ஆகிவிட்டேன். வக்கீலாகப் பதிவு செய்து இரண்டு வருடம் முடிவதற்குள் தேற வேண்டுமே என்ற கவலை தீர்ந்தது. எனக்கு வலது கை விரல்களில் பிடிமானம் கிடையாது. அதிக நேரம் நிற்கவும் முடியாது. இதே நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பாடத்திட்டம் உங்களுக்குத் தெரியும், அதை விடுகிறேன். பேர் ஆக்ட் (விளக்கவுரை இல்லாமல் சட்ட வாசகம் மட்டும் உள்ள புத்தகம்) தேர்வுக்குக் கொண்டுபோகலாம் என்பது மற்றவர்களுக்குப் பெரிய வசதி. பக்கம் புரட்ட முடியாத நமக்கு அது ஸ்க்ரைப் (நாம் சொல்லச் சொல்ல விடை எழுதுபவர்) கையில் இருக்கிறது. அவருக்கோ சட்டம் தெரியாது. “முன்ஜாமீன் எங்க இருக்குன்னு பாருங்க” என்றால் பொருளடக்கத்தில் தேடியே நேரம் போய்விடும். “பி.என்.எஸ்.எஸ்., 482” (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 482) என்றால் சட்டென்று எடுத்துவிடுவார். நான் தேறியது இதனால்தான் என்பேன். வீட்டில் சட்டம் படிக்காத ஒருவரை உட்காரவைத்து, எண்ணை மட்டும் சொல்லிப் பக்கம் எடுக்கப் பழகுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி.யில் 482 என்றால் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். இப்போது அது 528. பழைய எண்ணில் படித்தவர்கள் இங்கே கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

அப்புறம் சில விஷயங்கள்:

- ஸ்க்ரைப், மணிக்கு 20 நிமிடக் கூடுதல் நேரம் இரண்டுக்கும் எழுத்தில் உறுதி வாங்குங்கள். போனில் சொன்னதை நம்பிப் போகாதீர்கள்.
- குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழே என்றாலும் கேளுங்கள். எழுதச் சிரமப்படுபவருக்கு ஸ்க்ரைப் தர அந்த அளவுகோல் கட்டாயமில்லை என்று விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-ல் சொல்லிவிட்டது.
- தடித்த ஒரே தொகுப்பு வேண்டாம். ஒவ்வொரு சட்டத்துக்கும் தனித்தனி மெல்லிய புத்தகம் வாங்குங்கள்.
- நெகட்டிவ் மார்க் இல்லை. எதையும் நிரப்பாமல் விடாதீர்கள்.

பரீட்சையைவிட என்னை வருத்தியது வேறு. “கோர்ட்டுக்கெல்லாம் அலைய வேண்டாம் தம்பி, ஆபீஸ்லயே டிராஃப்டிங் பாருங்க” என்று ஒரு சீனியர் சொன்னார். அக்கறையாகச் சொன்னதாகவே இருக்கட்டும். வாதாடத்தானே இந்தத் தொழிலுக்கு வந்தோம்?

எண் சொல்லிப் பக்கம் எடுக்கும் பழக்கம் கோர்ட்டிலும் கைகொடுக்கிறது. கேஸ் கட்டு முழுக்கப் பக்க எண் போட்டுவைத்துவிட்டால், குமாஸ்தா புரட்டப் புரட்ட நான் வாதாடுகிறேன். உட்கார்ந்து வாதிட அனுமதி வேண்டும் என்பதை வழக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதுமே கேட்டுவிடுகிறேன். தயங்கவே வேண்டாம், உரிய வசதி செய்து தருவதை 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சலுகையாகப் பார்க்கவில்லை, மறுத்தால் அதையே பாகுபாடு என்கிறது.

சீனியரிடம் சேரும்போது “நான் எந்தெந்த கேஸில் ஆஜராவேன் சார்?” என்று நேராகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஆபீஸ் பாருங்கள். நான் அப்படித்தான் மாறினேன். இப்போதைய சீனியர் வாய்தா கேட்பதிலிருந்து குறுக்கு விசாரணை வரை என்னையே அனுப்புகிறார்.