எரிக்கச் சொன்ன கடிதத்தின் நகல்

கட்சிக்காரர் இறந்துபோனாலும் அவர் சொன்ன இரகசியத்தை வெளியிடும்படி வழக்கறிஞரை வற்புறுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கறிஞரும் இறந்து, அவருடைய ஏடுகள் ஒரு பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்துக்கு வந்து, அவற்றை விவரப்பட்டியலில் ஏற்றும் வேலை என்னைப் போன்ற ஒருவனிடம் வந்தால் என்ன செய்வது என்பதைப் பற்றி அந்தத் தீர்ப்பில் ஒரு வரியும் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லைதான். இருந்தாலும் அந்த ஒரு வரி இருந்திருந்தால், சில மாதங்களாக என்னை விடாமல் அரித்துக்கொண்டிருக்கும் ஒரு பதிலை நான் வேறு விதமாகச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தின் ஒரு சிற்றூரில் வழக்காடிய வக்கீல் ஒருவர் 1880களில் அனுப்பிய கடிதங்களின் நகலேடு அது. ஜேம்ஸ் வாட் 1780இல் காப்புரிமை பெற்ற முறைதான் நூறாண்டு கழித்தும் வக்கீல் அலுவலகங்களில் புழங்கிக்கொண்டிருந்தது. எழுதி முடித்த கடிதத்தின் மேல் ஏட்டின் மெல்லிய தாளை ஈரமாக்கிப் படியவைத்து, ஈரம் அடுத்த தாளுக்கு ஏறாமல் எண்ணெய்த் தாளைச் செருகி, இரும்பு அழுத்தியின் திருகை இறுக்கினால், மையில் ஒரு பங்கு தாளில் ஊறிவிடும். எழுத்து இடவலம் மாறி விழுந்தாலும், தாள் மெலிதாக இருப்பதால் மறுபுறத்தில் நேராகவே படிக்கலாம். திருகை இறுக்குவது வக்கீல் அல்லர், குமாஸ்தா. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் சொல்லப்போகும் கடிதத்தில் வக்கீல் தன் கட்சிக்காரரான ஒரு பெண்மணிக்கு, அவர் தன் அறையில் நேரில் சொன்ன ஒரு செய்தியை இனி எழுத்தில் எங்கும் குறிப்பிட வேண்டாம் என்றும், இந்தக் கடிதத்தையும் படித்தவுடன் எரித்துவிட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். அந்தப் பெண்மணி எரித்திருப்பார் என்றே நினைக்கிறேன். ஆனால் அது தபாலில் சேருமுன்பே, மற்றக் கடிதங்களைப் போலவே அதுவும் அழுத்தியின் அடியில் போய்வந்துவிட்டது. பழக்கத்தில் நடந்ததா, வக்கீல் வேண்டுமென்றே ஒரு படியைத் தக்கவைத்தாரா என்பதை ஏட்டைப் பார்த்து முடிவுசெய்ய இயலவில்லை. அன்று தாளில் ஈரம் மிகுந்திருக்க வேண்டும். முதல் பத்தியின் எழுத்துகள் பழுப்பாகப் பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கின்றன. கீழே வரவர மை தெளிந்து, எரிக்கச் சொல்லும் வாக்கியம் மட்டும் நேற்று எழுதியதுபோல் படிக்கக் கிடைக்கிறது.

அந்தச் செய்தி என்ன என்பதை இங்கேயும் எழுதப்போவதில்லை. ஒரு சொத்துரிமை வழக்கைச் சேர்ந்தது, வெளியே தெரிந்திருந்தால் அந்தப் பெண்மணியின் பிள்ளைகளில் ஒருவருக்குப் பங்கு இல்லாமல் போயிருக்கும் என்பது வரை சொன்னால் போதும். இவ்வளவு சொல்லிவிட்டு மீதியை மறைப்பதில் என்ன பொருள் என்று கேட்டால், அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

விவரப்பட்டியல் எழுதியபோது அவர் பெயரை நான் சேர்க்கவில்லை. நகலேட்டில் இருக்கும் ஒவ்வொரு கடிதத்தையும் தனித்தனியாக விவரிப்பது எங்கள் வழக்கம் அன்று, ஏட்டை முழுதாக ஒரு பத்தியில் விவரித்துவிட்டு, தேடுவோருக்குப் பயன்படும் பெயர்களை மட்டும் கீழே கொடுப்போம் என்று எங்கள் துறைத் தலைவரிடம் காரணம் சொன்னேன். அவரும் ஒத்துக்கொண்டார். ஆனால் அதே பட்டியலில் ஓர் இரயில் நிறுவனத்தின் பெயரையும், இரண்டு நீதிபதிகளின் பெயர்களையும், உள்ளூர் ஆலை முதலாளி ஒருவரின் பெயரையும் நான்தான் சேர்த்திருந்தேன். அவர்களுக்கு எழுதிய கடிதங்களைவிட அந்தப் பெண்மணிக்கு எழுதியவை எண்ணிக்கையில் அதிகம். ஆகவே வழக்கம் என்று நான் சொன்னது முழுக் காரணம் ஆகாது. காப்பகங்களின் பட்டியல்களில் பெண்கள் காணாமல் போவதைப் பற்றிக் கூட்டங்களில் பேசுகிறவர்களில் நானும் ஒருவன். இங்கே ஒருத்தியைக் காணாமல் ஆக்கியது, எவ்வளவு நல்ல எண்ணத்தோடு செய்ததாக நான் நினைத்துக்கொண்டாலும், என் கைதான்.

பிறகு அந்தக் குடும்பத்தின் வழிவந்த முதிய பெண்மணி ஒருவர், தொலைவிலுள்ள வேறொரு மாநிலத்திலிருந்து தொலைபேசியில் பேசினார். குடும்ப மரபு வரைபடம் ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருப்பதாகவும், தன் கொள்ளுப்பாட்டிக்கு அந்த வக்கீல் வழக்காடினார் என்று வீட்டில் பேச்சு உண்டு என்றும் சொல்லிவிட்டு, "உங்களிடம் உள்ள அந்த வக்கீலின் தாள்களில் எங்கள் குடும்பத்தைப் பற்றி ஏதேனும் இருக்கிறதா?" என்று கேட்டார். "ஏட்டின் முன்பகுதியில் அந்த அலுவலகமே எழுதிவைத்த அகர வரிசைப் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. உங்கள் குடும்பப் பெயர் வரும் பக்கத்தைப் படியெடுத்து அனுப்புகிறேன், அதில் குறித்திருக்கும் தாள்கள் வேண்டுமானால் எண்ணைச் சொன்னால் போதும்" என்றேன். வாசகர் எவர் கேட்டாலும் நாங்கள் சொல்லும் பதில் இதுதான். சொல் சொல்லாக எடுத்துப் பார்த்தால் இதில் பொய் எதுவும் கிடையாது.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பட்டியலில் கொள்ளுப்பாட்டியின் பெயருக்கு எதிரே ஏழெட்டுத் தாள் எண்கள் இருக்கின்றன; எரிக்கச் சொன்ன கடிதத்தின் எண் மட்டும் இல்லை. பதில் சொல்லும்போதே இது எனக்குத் தெரியும். குமாஸ்தா வேண்டுமென்றே விட்டிருக்கலாம், வக்கீல் விடச் சொல்லியிருக்கலாம், வெறும் கவனக்குறைவாகவும் இருக்கலாம். வேறு பெயர்களிலும் இப்படி விடுபட்ட எண்கள் உண்டு என்பதை இதற்காகவே ஏடு முழுவதையும் ஒத்துப்பார்த்து உறுதிசெய்துகொண்டேன். கவனக்குறைவு என்றால் அதை நிரப்பி உதவுவது என் வேலை. மறைப்பு என்றால், நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் செய்த மறைப்பை நான் தொடர்ந்து செய்துகொடுத்திருக்கிறேன். அவர் அந்தப் பெண்மணிக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். நான் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை.

சட்டத்தில் ஆறுதல் தேடிப் பார்த்ததையும் சொல்ல வேண்டும். 1998ஆம் ஆண்டுத் தீர்ப்பு, வெள்ளை மாளிகை அதிகாரியான வின்சென்ட் ஃபாஸ்டர் தன் மரணத்துக்கு ஒன்பது நாள் முன்பு வழக்கறிஞர் ஜேம்ஸ் ஹாமில்டனைச் சந்தித்தபோது ஹாமில்டன் எழுதிய மூன்று பக்கக் கைக்குறிப்பைப் பற்றியது. ஆறு நீதிபதிகள் ஒருபக்கமும் மூவர் மறுபக்கமுமாக நின்ற அந்த வழக்கில், தான் இறந்த பிறகும் பேச்சு வெளியே போகாது என்ற நம்பிக்கை இருந்தால்தான் மனிதர் வக்கீலிடம் மனம்விட்டுப் பேசுவார் என்று தலைமை நீதிபதி ரென்க்விஸ்ட் எழுதினார். இது என் பக்கம் போலத் தோன்றும். ஆனால் அது நீதிமன்றம் சாட்சியம் கேட்டு வற்புறுத்துவதைப் பற்றிய விதி. காப்பகத்துக்கு வந்து ஏட்டைக் கேட்கும் வாசகரை அது தடுப்பதில்லை. அதோடு அதே தீர்ப்பு ஒரு பழைய விதிவிலக்கையும் ஏற்றுக்கொள்கிறது. இறந்தவரின் வழியாகச் சொத்துக்கு உரிமை கோரும் வாரிசுகளுக்குள் தகராறு என்றால், இறந்தவரின் விருப்பம் இன்னதென்று அறிவதற்காக வக்கீல் பேசலாம் என்பது 1897ஆம் ஆண்டு வழக்கொன்றிலேயே உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொண்ட நிலை. என்னிடம் பேசிய அந்த அம்மையாரோ சொத்துக் கேட்கவில்லை, யாரோடும் தகராறும் இல்லை. ஆனால் இரத்த உறவுக்கு முன்னால் இந்த இரகசியம் எப்போதும் ஒரு படி இறங்கியே நின்றிருக்கிறது என்று அதைப் படித்தபோது எனக்குப் பட்டது. ஆறுதல் தேடிப் போய் வேறொன்றைத் தலையில் ஏற்றிக்கொண்டு வந்ததுதான் மிச்சம்.

முன்னுதாரணங்களும் ஒரே திசையில் இல்லை. லிங்கன் வழக்கறிஞராக இருந்த காலத்தின் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகளின் ஆவணங்கள் 2000ஆம் ஆண்டில் மொத்தமாக வெளியிடப்பட்டன. அந்தக் கட்சிக்காரர்களின் வாரிசுகளிடம் அனுமதி பெற வேண்டும் என்று யாரும் பேசியதாக நான் படித்ததில்லை. மறுபுறம், தந்தையையும் மாற்றாந்தாயையும் கோடரியால் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு 1893இல் விடுதலையான லிஸி போர்டனின் வழக்கில், அவருக்காக வாதாடிய முன்னாள் ஆளுநர் ஜார்ஜ் ராபின்சனின் கோப்புகளை அவர் வழிவந்த சட்ட நிறுவனம் கட்சிக்காரரின் இரகசியம் என்று சொல்லி வெளியிட மறுத்துவந்திருக்கிறது. அதே லிஸிக்காக உழைத்த இன்னொரு வக்கீலான ஆண்ட்ரூ ஜென்னிங்ஸின் குறிப்பேடுகளோ 2012இல் லிஸியின் ஊரான ஃபால் ரிவரின் வரலாற்றுச் சங்கத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன. கட்சிக்காரர் ஒருவர்தான், ஒரு வக்கீலின் அலமாரி பூட்டியிருக்கிறது, மற்றவருடையது திறந்துவிட்டது. தாள் யார் கையில் போய்ச் சேருகிறது என்பதுதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று தோன்றுகிறது, அது எனக்குப் பிடிக்கவும் இல்லை.

துறைத் தலைவரிடம் பிறகு விரிவாகவே பேசினேன். "அவர் இறந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது, இப்போது யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டார். பங்கு இழக்கக்கூடிய அந்தப் பிள்ளையின் வழியில்தான் நம்மிடம் பேசிய அம்மையார் வருகிறார் என்றேன். சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை மற்ற எவரையும்விட அவருக்குத்தானே அதிகம்?" என்றார். வேண்டாம் என்பதற்கு நான் எடுத்துவைத்த காரணத்தையே அவர் வேண்டும் என்பதற்கு எடுத்துக்கொண்டார், அதில் தருக்கப் பிழை ஏதும் என் கண்ணுக்குப் படவில்லை. ஒன்று மட்டும் சொன்னேன்: தெரிந்துகொள்ளும் உரிமை வேறு, கேட்காத ஒன்றை முன்பின் தெரியாத ஒருவன் தொலைபேசியில் சொல்லக் கேட்பது வேறு. அவர் அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த அம்மையார் கேட்டார் அல்லவா, "ஏதேனும் இருக்கிறதா" என்றுதானே கேட்டார் என்று அன்று மாலையே எனக்கு நானே எதிர்வாதம் செய்துகொண்டேன்.

அந்த அம்மையார் பட்டியலில் கண்ட தாள்கள் அனைத்தையும் கேட்டு வாங்கினார். கட்டணப் பாக்கியை நினைவூட்டியவை, விசாரணை ஒத்திவைக்கப்பட்டதைத் தெரிவித்தவை என்று எல்லாமே சாதாரணக் கடிதங்கள். மிகுந்த மகிழ்ச்சியோடு நன்றி எழுதினார். அந்த வக்கீல் எவ்வளவு மரியாதையாக எழுதியிருக்கிறார் என்று வியந்திருந்தார். அதைப் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. அந்த நிம்மதி அவருக்காகவா எனக்காகவா என்பதில்தான் சந்தேகம்.

இப்போது அந்த ஏடு முழுதாக ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றும் வரிசையில் இருக்கிறது. ஒரு தாளை மட்டும் விட்டுவிட்டு ஏற்றலாம் என்று நான் கேட்கவில்லை. அப்படிச் செய்தால் ஏடு ஏடாக இருக்காது என்பதில் தலைவரோடு நானும் உடன்படுகிறேன். கையெழுத்தைப் படிக்கும் மென்பொருள் பழுப்பேறிய முதல் பத்தியில் தடுமாறும், ஆனால் தலைப்பில் உள்ள பெயரைப் பிடித்துவிடும். ஏற்றுவதற்கு முன் அவருக்கு எழுதினால் நான் சொல்லாமல் விட்டதைச் சொன்னதாகிவிடும். எழுதாவிட்டால், ஒரு நாள் தன் குடும்பப் பெயரைத் தேடும்போது, தான் விலை கொடுத்து வாங்கிய தாள்களுக்கு நடுவில் தனக்கு வராத ஒரு தாளை அவரே பார்ப்பார். அவருக்கு எழுத வேண்டிய மின்னஞ்சலை இரண்டு விதமாக எழுதிவைத்திருக்கிறேன். ஒன்றில் தாளின் எண் இருக்கிறது, மற்றொன்றில் ஏடு விரைவில் இணையத்துக்கு வருகிறது என்ற தகவல் மட்டும் இருக்கிறது.