டைம்ஷேரை விற்கப் போன கதை

பெரியப்பா தன் டைம்ஷேரை, அதாவது 25 வருட ஹாலிடே மெம்பர்ஷிப்பை, விற்றுத் தரச் சொல்லி ஃபைலை என் கையில் கொடுத்தார். முதலிலேயே பணம் கட்டிவிட்டால் வருடத்துக்கு 7 நாள் ரிசார்ட்டில் தங்கலாம், ஸ்டுடியோ அறை. போட்டதில் பாதியாவது தேறும் என்பது அவர் கணக்கு.

வாங்க வந்தவர் ரிசார்ட் படங்களைப் புரட்டக்கூட இல்லை. "இன்னும் எத்தனை வருஷம் சார் பாக்கி?" என்றார். 11. இது என்ன மனையா, வருடம் போகப் போக விலை ஏற? கரைந்துகொண்டேதான் இருக்கும். அப்புறம், மே மாதம் ஊட்டியில் ரூம் கிடைக்குமா என்றார். எங்கள் மெம்பர்ஷிப்போ மழைக்கால சீசனுக்கு மட்டும். பள்ளி லீவில் போக முடியாத வாரத்தை யார் வாங்குவார்?

ஆளை எழுந்து ஓட வைத்தது வருடாந்திர பராமரிப்புக் கட்டணம். போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டும். பெரியப்பா 2 வருடமாகக் கட்டவில்லை. அதைத் தீர்த்தால்தான் பெயர் மாற்றம், அதற்குத் தனிக் கட்டணம் வேறு.

(நடுவில் ஒரு புரோக்கர் போன்: "பார்ட்டி ரெடி, முதல்ல 18,000 கட்டுங்க." போனை வைத்துவிட்டேன்.)

இப்போது பெரியப்பா, பாக்கியைக் கட்டிவிட்டு ஆகஸ்டில் நாமே போய் வரலாமா என்கிறார். குடை எடுத்து வைக்க வேண்டும்.