தவிலுக்கு நடுவே ஒரு பாலம்

இராமநாதபுரத்தில் மைக் செட் வைத்திருக்கிறேன். கீழக்கரை முதல் தொண்டி வரை கல்யாணம், கோயில் திருவிழா என்று ஓடுகிற பிழைப்பு. கேட்டால் ரெக்கார்டிங்கும் செய்து தருவேன். அப்படித்தான் ஒரு நாகசுரக் குழு வந்தது. தவிலின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மைக், நாகசுரத்துக்கு ஒன்று, தாளத்துக்கு ஒன்று. ஸ்டீரியோதானே என்று மிக்சரில் தவிலின் ஒரு முகமான தொப்பியை முழுக்க இடப்பக்கமும் மறுமுகமான வலந்தலையை முழுக்க வலப்பக்கமும் திருப்பிவிட்டேன். தவில்காரர் கேட்டுவிட்டுச் சொன்னார்: “தொப்பி மண்டபத்துல கேக்குது, வலந்தலை பாம்பன்ல கேக்குது. நடுவுல பாலம் போட்டிருக்கியா தம்பி?”

சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. மடியில் அடங்குகிற வாத்தியத்தைச் சுவருக்குச் சுவர் இழுத்துக் கட்டியிருக்கிறேன்.

அப்புறம் நல்ல பதிவுகளைத் தேடிக் கேட்க ஆரம்பித்தேன். 1958-ல் வியன்னாவில் டெக்கா என்ற இசைத்தட்டு கம்பெனி பதிவு செய்த வாக்னரின் ‘தாஸ் ரைன்கோல்ட்’ என்ற இசை நாடகம் அதில் ஒன்று. இசைக்குழுவை நடத்தியவர் சோல்டி. ஜெர்மன் ஒரு சொல் புரியாது. ஆனால் யார் எந்தப் பக்கம் நின்று பாடுகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். என்னைத் திருத்தியது அதுவல்ல, 1993-ல் வெளிவந்த ‘எ மீட்டிங் பை தி ரிவர்’. விஸ்வ மோகன் பட், ரை கூடர் என்ற இரண்டு கிதார் கலைஞர்கள் கலிபோர்னியாவில் ஒரு தேவாலயத்தில் வாசித்தது. பதிவு செய்தவர் இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர், நமக்கு எதிர்க்கரைக்காரர். ஒரே இடத்தில் குறுக்காக வைத்த இரண்டு மைக், அவ்வளவுதான். ஆலன் பிளம்லைன் என்ற இங்கிலாந்து பொறியாளர் 1931-லேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை அது. இடப்பக்கச் சத்தம் இடது மைக்கில் கொஞ்சம் கூடுதலாக விழும். அந்த வித்தியாசத்தை வைத்தே காது ஆளை உட்கார வைத்துவிடுகிறது. திருகுவதற்கு ஒன்றுமில்லை.

அந்த முறைக்கு வேண்டிய, முன்னும் பின்னும் ஒரேபோல் சத்தம் வாங்குகிற மைக் என்னிடம் இல்லை. இருப்பது முன்பக்கம் மட்டும் வாங்குகிற சாதாரண கண்டென்சர் மைக் ஜோடி. (உப்புக் காற்றில் அவை பொரியாமல் வைத்திருப்பதே தனிப் பாடு. வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்குள் போய்விடும்.) அதற்குப் பிரெஞ்சு வானொலிக்காரர்களின் கணக்கு ஒன்று உண்டு: இடைவெளி 17 சென்டிமீட்டர், கோணம் 110 பாகை. மகளின் ஜியாமெட்ரி பாக்ஸைக் கடன் வாங்கினேன்.

அதே குழுவை மறுபடி கூப்பிட்டு, காசு வேண்டாம் என்றேன். இந்த முறையில் ஒரு வம்பு, பின்னால் எதையும் ஏற்றி இறக்க முடியாது. தவில் தூக்கலாக இருந்தால் தவில்காரரைத்தான் நகர்த்த வேண்டும். “அண்ணே, இன்னும் ஒரு முழம் பின்னால” என்று நான்கு தடவை கெஞ்சினேன். மின்விசிறியையும் நிறுத்தினேன். சித்திரை மாதம், என்னைச் சபித்திருப்பார்கள்.

முடிந்ததும் இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் அவரை உட்கார வைத்துப் போட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, “சரியா இருக்கு. தாளக்காரன் மட்டும் ஏன் அவ்வளவு தள்ளி இருக்கான்?”

விசிறி நின்றதும் தாளக்காரர் காற்றுக்காக வாசல் பக்கம் போய் உட்கார்ந்திருந்தார். வாசிக்கும்போது எங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை.