ஆய்வுக்குக் கொழும்பு போக வேண்டாம், கோப்புகள் திருகோணமலையில் இருக்கின்றன

யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் சட்டம் படிக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர், இறுதி வருட ஆய்வு என்றதும் நிறைவேற்று ஜனாதிபதி முறையையோ 13ஆம் திருத்தத்தையோ எடுத்துக்கொள்கிறார்கள். அவை பற்றி ஏற்கெனவே நிறைய எழுதியாயிற்று. அரச நிறுவனங்களின் சீர்திருத்தத்தில் புதிதாக ஏதாவது சொல்ல விரும்பினால், கிழக்கு மாகாண சபை இருக்கிற இந்த ஊரிலேயே தொடங்குங்கள்.

அந்தச் சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதே ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் தேர்தல் முறையை மாற்றியது. புதிய முறைக்குத் தேவையான எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் 2018 ஓகஸ்டில் நிராகரித்தது. தேர்தல் ஆண்டுக்கணக்கில் நின்றுபோனது. நியதிச்சட்டம் (மாகாண சபை இயற்றும் சட்டம்) ஆக்க உறுப்பினர்கள் இல்லை, நிர்வாகம் ஆளுநரிடம். உள்ளூராட்சியிலும் இதுவே நடந்தது: 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த பிரதேச சபைகளை, 2025 மே 6 தேர்தல் வரை அந்தந்தச் சபையின் செயலாளர்களே நடத்தினார்கள். மக்கள் பிரதிநிதி இல்லாத அந்தக் காலத்தில் பாதீட்டுக்கு யார் ஒப்புதல் கொடுத்தார்கள், எந்த அதிகாரத்தின் கீழ்? மூதூர், கிண்ணியா, குச்சவெளி, தம்பலகாமம் ஆகியவற்றில் ஒரே ஒரு சபையை எடுத்து இதை எழுதினால், சட்டத்தில் எங்கே ஓட்டை என்பது கண்முன் தெரியும்.

கோப்பைப் பெறும் வழி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம். பிரசையாக இருந்தால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் எழுதும் விதத்தில்தான் பல விண்ணப்பங்கள் கெட்டுப்போகின்றன. 'ஏன் இப்படிச் செய்தீர்கள்' என்று கேட்டால் பதில் வராது. தகவல் அலுவலர் கருத்துச் சொல்ல வேண்டியவர் அல்லர், தன்னிடம் இருக்கும் ஆவணத்தைத் தர வேண்டியவர். ஆகவே இப்படிக் கேளுங்கள்: '2023 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரை, சபைக்குப் பதிலாகச் செயலாளர் எடுத்த தீர்மானங்களின் பதிவுப் பிரதிகள்.' திகதியும் ஆவண வகையும் இல்லாத விண்ணப்பத்தை 'தகவல் இல்லை' என்ற ஒரே வரியில் முடித்துவிடலாம்.

அடுத்த வழமையான பிழை, பிரதேச சபையையும் பிரதேச செயலகத்தையும் குழப்புவது. செயலகம் மத்திய அரசின் கிளை. சபை மாகாணத்தின் உள்ளூராட்சித் திணைக்களத்தின் மேற்பார்வையில் இருப்பது. தவறான கந்தோருக்குப் போன விண்ணப்பம் உங்கள் ஒரு மாதத்தைத் தின்றுவிடும்.

நேரக் கணக்கை முதலிலேயே போட்டுவிடுங்கள். தருவதா இல்லையா என்று முடிவெடுக்க 14 வேலை நாட்கள், முடிவுக்குப் பின் தகவலைத் தர 14 நாட்கள், தேவைப்பட்டால் மேலும் 21 நாட்கள் வரை நீடிப்பு. மறுத்தால் 14 நாட்களுக்குள், அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டை விசாரிக்கும் 'குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம்' மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். பிறகும் கிடைக்காவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் உரிமை ஆணைக்குழு. மொத்தமாக அரை வருடம் போகலாம். தலைப்பு அங்கீகாரம் ஆகும்வரை காத்திராமல் விண்ணப்பத்தை முதலில் போட்டுவிடுவது நல்லது. பெற்றுக்கொண்டதற்கான எழுத்துமூல ஒப்புகையைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். அது கையில் இல்லாமல் மேன்முறையீட்டில் நாள் கணக்கை நிறுவுவது கடினம்.

காத்திருக்கும் நாட்களில் கணக்காய்வாளர் நாயகத்தின் வருடாந்த அறிக்கைகளைப் படியுங்கள். குறித்த சபையின் அறிக்கையில் வசூலிக்காத சோலைவரியும் விதிமுறை மீறிய கொள்வனவும் பதிவாகியிருந்தால், எந்த ஆவணத்தைக் கேட்பது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். அலுவலர்களை நேரில் பேட்டி காண்பதென்றால் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறை அனுமதி முன்கூட்டியே தேவைப்படும். அரச அலுவலர்களைக் கட்டுப்படுத்தும் தாபன விதிக்கோவைக்குப் பயந்து பலர் பெயர் சொல்லிப் பேசவும் மாட்டார்கள்.

சட்ட உதவி ஆணைக்குழு, மனித உரிமைகள் ஆணைக்குழு ஆகியவற்றின் திருகோணமலை அலுவலகங்களில் பயிற்சிக்கு இடம் உண்டா என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, சட்டத்தைத் தமிழில் படித்து மேற்கோள் காட்டுவோர் அதன் இறுதிப் பிரிவையும் பாருங்கள். தமிழ், சிங்கள உரைகள் முரண்பட்டால் சிங்கள உரையே மேலோங்கும் என்று பெரும்பாலான சட்டங்களில் இருக்கும். உங்கள் வாதம் ஒரே ஒரு சொல்லில் தங்கியிருந்தால், சிங்களம் தெரிந்த ஒருவரோடு இருந்து இரண்டு உரைகளையும் ஒப்பிட்ட பிறகே எழுதுங்கள்.